இரட்டைச் சுழியைத் தேடி

அத்தியாயம் 4

தொண்டைக்குழிக்கு நேராகச் சவரக்கத்தி நடுங்கும்போது எந்தச் சூரனும் அசைய மாட்டான். மாப்பிள்ளையும் அசையவில்லை. சூரன் என்பதால் அல்ல, தொண்டை அவருடையது என்பதால்.

"அண்ணே, தாளம் போடறதா இருந்தா கத்தியைக் கீழ வச்சிட்டுப் போடலாமே" என்றார், உதட்டை அசைக்காமல்.

கண்ணாடியில் தெரிந்த சலூன்காரரின் முகம் வெளுத்துப்போய், நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கத்தியைத் தட்டில் வைத்தார். அது கடகடவென்று சத்தம் போட்டு அடங்கியது. அப்படியே பக்கத்து நாற்காலியில் சரிந்தார். உள்ளேயிருந்து அவருடைய மகள் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவந்து வாயில் புகட்டினாள். பத்து நிமிடத்தில் மனுஷனுக்கு முகத்தில் களை வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குத்தான் வரவில்லை. வலது கன்னம் மழுமழு, இடது கன்னத்தில் நுரையும் மூன்று நாள் தாடியும் என்று பாதி மனிதராக உட்கார்ந்திருந்தார்.

பின்பக்க பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் அத்தை.

அத்தை என்றால் மாப்பிள்ளைக்கு அத்தை, அதாவது மாமியார். முப்பத்திரண்டு வருடம் பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்தவர். பிட் அடிக்கிறவன் முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்வான், பிடரி மட்டும் பொய் சொல்லாது என்பது அவர் கண்டுபிடித்த சாஸ்திரம். அதனால் எப்போதும் ஹாலின் பின்பக்கம்தான் நிற்பார். ஓய்வு பெற்ற மறு வாரமே ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிவிட்டார். வேலை பார்த்த டிராவல்ஸ் கம்பெனி மூடிப்போன மாப்பிள்ளை, "தற்காலிகமா" என்று சொல்லி உதவிக்குச் சேர்ந்தார். இது நாலாவது வருடம். இத்தனை வருடத்தில் அத்தை ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. திட்டுவதைக்கூட "வாங்க, போங்க" போட்டுத்தான் திட்டுவார்.

நேற்று இந்த மகள்தான் மாடியேறி வந்து அழுதாள். நல்லா இருந்த மனுஷனை, ஐம்பது தாண்டிடுச்சே என்று லேபுக்கு அனுப்பி ரத்தம் கொடுக்கச் சொன்னது அவள்தான். வெறும் வயிற்றில் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரை சாப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து தினம் ஒரு மயக்கம். முந்தாநாள் ஒரு வாடிக்கையாளரின் காதுமடலில் கத்தி பட்டுவிட்டது. அன்றோடு கடை காலி. இன்றைக்கு நாற்காலியில் உட்கார ஊரில் ஒருத்தரும் இல்லாமல்போகவே, அத்தை தன் வீட்டு மாப்பிள்ளையை உட்கார வைத்திருந்தார்.

"முப்பது வருஷமா இந்தக் கையை நம்பித்தாங்க எல்லாரும் கழுத்தை நீட்டினாங்க" என்றார் சலூன்காரர், தன் கையையே பார்த்துக்கொண்டு. "இது போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

அத்தை எழுந்து வந்தார். "நிறைய தண்ணி தாகம் எடுக்குதா உங்களுக்கு?"

"இல்லீங்க."

"அடிக்கடி பாத்ரூம் போறீங்களா?"

"அதுவும் இல்லீங்க."

"சர்க்கரை ஏறினவருக்குத் தாகமும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஆனா சர்க்கரைத் தண்ணி குடிச்சா தெளியுது." அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தார். "என்ன புரியுது?"

"எனக்கு இன்னொரு பக்கமும் சவரம் ஆனாத்தான் முழுசாப் புரியும் அத்தை."

"அந்த ரிப்போர்ட் இவரோடது இல்லைன்னு புரியுது. இவருக்கு இல்லாத வியாதிக்கு மாத்திரை போட்டு இருக்கிற சர்க்கரையையும் இறக்கிட்டிருக்காங்க. அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. நிஜமான நானூத்திப் பன்னிரண்டு, நமக்கு ஒண்ணுமில்லைன்னு எங்கயோ சந்தோஷமா நடமாடிட்டு இருக்கு. அது என்னைக்கு, எங்க விழுமோ." பிறகு சலூன்காரர் பக்கம் திரும்பி ஸ்டூலை இழுத்துப் போட்டார். "லேபுக்குப் போன அன்னிக்கு என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க. நான் குறுக்க பேச மாட்டேன்."

சலூன்காரர் அவரை நம்பாமல் பார்த்தார். "டாக்டர்கிட்ட இதைத்தாங்க சொல்ல வந்தேன். 'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க'ன்னுட்டாரு."

"நான் எதையுமே கேக்கலை. நீங்களா சொல்லுங்க."

வந்தது வினை. அன்று காலை குழாயில் தண்ணீர் வராததில் ஆரம்பித்தார் மனுஷன். பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார், செருப்பு வார் அறுந்தது, தைக்கிற ஆள் லீவு என்று ஊரைச் சுற்றினார். மாப்பிள்ளை கன்னத்தில் நுரை காய்ந்து உதிர்ந்தது. அத்தை அசையவில்லை. மூன்று மணி நேரம் வாயைத் திறக்காமல் நின்றே சம்பாதித்தவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா.

"...எனக்கு டோக்கன் பதினாலுங்க. எனக்குப் பின்னாடி பதினைஞ்சு. மாஸ்க், கறுப்புக் கண்ணாடி, ஒரு வார்த்தை பேசலை. வாட்ச்சைத் தட்டித் தட்டிக் காட்டினாரு. மணி எட்டே முக்கால். பாவம், வேலைக்கு நேரமாச்சு போலன்னு, முன்னாடி போங்கன்னு விட்டுட்டேன். அவர் முதல்ல உக்காந்தாரு, நான் அடுத்து உக்காந்தேன். அவ்வளவுதாங்க."

அத்தையின் கண் மின்னியது. "ஆளை மறுபடி பார்த்தா அடையாளம் தெரியுமா?"

"முகம் தெரியாதுங்க. முன்னாடி விட்டதுக்கு அப்புறம் பத்து நிமிஷம் பின்னந்தலையைத்தான் பார்த்துட்டிருந்தேன். தலைன்னா நான் மறக்க மாட்டேன்." சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மயக்கமெல்லாம் எங்கே போனதோ, குரலில் தெம்பு வந்துவிட்டது. "ரெட்டைச் சுழி. ரெண்டும் எதிரும் புதிருமா சுத்தும். தொழில்காரர் வெட்டினதில்லை, துணி வெட்டற கத்தரிக்கோல். இடதுகைக்காரங்க வெட்டியிருக்காங்க, அதான் வலப்பக்கம் படி படியா இறங்குது. காதுகிட்ட வந்ததும் பயந்து அரை வட்டமா ஒதுங்கிட்டாங்க. அது அவரு சம்சாரங்க."

"சம்சாரம்னு காது எழுதியா வச்சிருக்கு?" என்றார் மாப்பிள்ளை.

"அம்மாவா இருந்தா காதை மடக்கிப் பிடிச்சுக்கிட்டு வெட்டும். கடைக்காரன் காதைப் பார்த்துப் பயப்பட மாட்டான். பயந்து சுத்தி வெட்டறது பொண்டாட்டிதாங்க. நாளைக்கு அதே காதுலதானே அவங்க பேசணும்."

அத்தை முப்பத்திரண்டு வருட சர்வீஸில் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. பிடரி படிக்கத் தெரிந்த இன்னொரு ஜீவன்.

லேப் இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒரே அறை. ஒரே ஒரு பெண், வெள்ளைக் கோட்டுக்குள் இரண்டு ஆள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் தாங்கியில் காலி ரத்தக் குழாய்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் பெயர்ச் சீட்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

அத்தை அதைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு அந்தப் பார்வை தெரியும். பெருமூச்சு விட்டுக்கொண்டு, யாரோ எழுந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"அடுத்தது" என்றார் லேப் பெண், நிமிராமல். கையில் பட்டையைக் கட்டினார். பஞ்சால் துடைத்தார். தாங்கியிலிருந்து அடுத்த குழாயை எடுத்தார். ஊசி கிட்டே வந்தபோது அத்தை குழாயின் மேல் விரலை வைத்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்களேன்."

லேப் பெண் படித்தார். "பெண். வயது இருபத்தாறு. கர்ப்பப் பரிசோதனை." நிமிர்ந்து, பாதி தாடியோடு உட்கார்ந்திருந்த நாற்பது வயது கர்ப்பிணியை முதல்முறையாகப் பார்த்தார். மூலையில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் எழுந்து நின்று, "அது நான்" என்றாள்.

"இன்னும் அரை நிமிஷம் விட்டிருந்தா எனக்கு மசக்கையே வந்திருக்கும்" என்றார் மாப்பிள்ளை, பட்டையை அவிழ்த்துக்கொண்டே.

லேப் பெண் அந்தப் பெண்ணிடம் ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, தளர்ந்துபோய் உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. ஒரே காலையில் அறுபது பேர். அதனால் காலையில் வந்ததும் டோக்கன் வரிசைப்படி எல்லாச் சீட்டையும் முன்கூட்டியே ஒட்டி அடுக்கிவிடுவார். பிறகு ஆள் உட்கார உட்காரக் குழாயை எடுத்துக்கொண்டே போகவேண்டியதுதான். "பதினஞ்சு வருஷமா இப்படித்தாங்க செய்யறேன். ஒருத்தரும் குறை சொன்னதில்லை."

"வரிசையில யாருமே யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாங்கன்னு நம்பிட்டீங்க" என்றார் அத்தை. "ஒரு நல்ல மனுஷன் விட்டுக்கொடுத்துட்டான். அங்கதான் சறுக்கிடுச்சு."

பதினைந்தாம் டோக்கனின் விவரம் பதிவேட்டில் இருந்தது. மாப்பிள்ளை அந்த நம்பருக்குப் போன் போட்டார். பஞ்சர் கடை எடுத்தது. அப்படி ஒரு பெயரில் தெருவிலேயே யாரும் இல்லை, உங்களுக்கு டியூப் போச்சா இல்லை டயரா என்று கேட்டது. பெயரும் பொய், நம்பரும் பொய். ரிப்போர்ட்டை அன்று சாயங்காலமே அதே மாஸ்க் வந்து வாங்கிப் போயிருந்தது. அதில் சர்க்கரை தொண்ணூற்று நாலு.

"ஆள் எப்படி இருந்தாருன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார் அத்தை.

"முகமெல்லாம் யாருங்க பார்க்கறா? நான் நரம்பைத்தான் பார்ப்பேன்." லேப் பெண் யோசித்தார். "நல்ல நரம்பு. நான் தேடறதுக்கு முன்னாடியே இங்கன்னு விரல் வச்சுக் காட்டினாரு. ஊசி எடுத்ததும் எல்லாரும் கையை மடக்கிக்குவாங்க. அவரு மடக்கலை. கையை நீட்டியே வச்சுக்கிட்டு பஞ்சை மேல அமுக்கிக்கிட்டாரு. அப்படித்தான் செய்யணும், யாரும் செய்யறதில்லை."

அத்தை சின்ன நோட்டில் எதையோ எழுதி மூடினார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை தன் பங்குக்கு மூளையைக் கசக்கினார். "அத்தை, ஆள் நடந்து வந்திருக்கான். ஹெல்மெட் இல்லை. ஒன்பது மணிக்கு எங்கயோ இருந்தாகணும். நாலு பேருக்குத் தெரிஞ்ச முகம், அதான் மூடிக்கிட்டான். ஒன்பது மணிக்குத் திறக்கிற இடம், தெரிஞ்ச முகம். பேங்க் மேனேஜர்தான். அடிச்சுச் சொல்றேன்."

"அடிச்சு வேண்டாம், பார்த்துட்டு வந்தே சொல்லுங்க."

மாப்பிள்ளை வங்கிக்குள் போனார். மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால் வேண்டுமென்றே பேனாவைத் தவறவிட்டார். குனிந்து எடுக்கிற சாக்கில் நிமிர்ந்து பார்க்கப்போக, மேனேஜரின் நாற்காலி முதுகில் கை பட்டு, கை வழுக்கி, எதையோ பிடித்துக்கொண்டார். பிடித்தது கையோடு வந்துவிட்டது. இரண்டாவது நிமிடம் வாசலில் இருந்தார்.

"சுழி ஒண்ணா, ரெண்டா?" என்றார் அத்தை.

"சுழியே இல்லை அத்தை. மைதானம். மேல போட்டிருந்த பாய்தான் என் கைக்கு வந்துடுச்சு. நம்ம அக்கவுண்ட்டை வேற பேங்குக்கு மாத்திக்கலாம்."

அத்தை வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. சலூன்காரர் மகள். அப்பா மறுபடி மயங்கிவிட்டார், சர்க்கரை கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன், டாக்டரிடம்தான் வந்திருக்கிறோம், மாத்திரை போதவில்லை போலிருக்கிறது என்று டாக்டர் வீட்டம்மா சொல்கிறார், பயமாக இருக்கிறது என்றாள். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்த வேகத்துக்கு மாப்பிள்ளை ஓடவேண்டியிருந்தது.

டாக்டரின் கிளினிக் லேபுக்கு நாலே கடை தள்ளி. வாசலில் காலை 9 முதல் என்று பலகை. உள்ளே சுவரில் இன்னொரு பலகை.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவும்.
ஒரு முறைக்கு ஒரு நோய் மட்டும்.

"ரெண்டாவது நோய்க்கு வெளியில போய்ட்டு வரணும் போல" என்றார் மாப்பிள்ளை. தொண்டை வறண்டிருந்தது. டோக்கன் எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் மனைவியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"இல்லீங்களே" என்றார் அந்த அம்மாள். வாசலில் காலி கேன்கள் இரண்டு கிடந்தன. "முன்னெல்லாம் ஒரு கேன் ரெண்டு நாளைக்கு வரும். இப்ப மத்தியானத்துக்குள்ள ரெண்டு கேன் காலி. எல்லாம் உள்ளதான் போகுது. வெயில்னு சொல்றாரு." எழுதியபடியே பேசினார். இடது கையால் எழுதினார்.

மாப்பிள்ளை அதைக் கவனிக்கவில்லை. காலி கேன்களையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கவனித்தார். நோட்டைத் திறந்து இன்னொரு வரி எழுதினார்.

உள்ளே போனார்கள். டாக்டர் சுவருக்கு முதுகு காட்டிப் போட்ட நாற்காலியில் அமர்ந்திருந்தார். முன்னால் கம்ப்யூட்டர். திரைக்கு மேலே நெற்றியும் கண்ணாடியும் மட்டும் தெரிந்தன. எதிரே சலூன்காரர், துவண்டு. பக்கத்தில் மகள். மேஜையில் ஒரு தட்டு நிறைய கிரீம் பிஸ்கட், ஒரு பெரிய பாட்டில் தண்ணீர்.

"யாரு இவங்கல்லாம்?" என்றார் டாக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பெரியம்மா முறைங்க" என்றாள் மகள், கூசாமல்.

"நானூத்திப் பன்னிரண்டு. சாதாரணம் இல்லை. மயக்கம் வருதுன்னா மாத்திரை பத்தலை. ரெண்டாக்கறேன்." டாக்டர் பாட்டிலை எடுத்து மடக்மடக்கென்று குடித்தார்.

"சார்," என்றார் சலூன்காரர். "அன்னிக்கு லேப்ல ஒருத்தர்..."

"லேப்ல நூறு பேர் இருப்பாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"டாக்டர், இப்ப ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துடலாமே" என்றார் அத்தை. "மெஷின் உங்ககிட்டயே இருக்கும்."

"அம்மா, லேப் ரிப்போர்ட்டே கையில இருக்கு. நான் இருபது வருஷமா டாக்டர்." டாக்டர் ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார். பேனாவைத் திறந்தார். மூடினார். முகம் ஒருமாதிரி ஆயிற்று. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அந்த அறையில் டாக்டர் எழுந்து நின்று நோயாளி யாரும் பார்த்ததில்லை. அவர் வரும்முன் யாரையும் உள்ளே விட மாட்டார்கள், எல்லாரும் போனபிறகுதான் கிளம்புவார். இப்போது எழுந்தார், திரும்பினார், மூலையிலிருந்த பாத்ரூமை நோக்கி அவசரமாக நடந்தார்.

சலூன்காரரின் கை சட்டைப் பையிலிருந்த சீப்புக்குத் தானாகப் போயிற்று. "அம்மா" என்றார், ரகசியமாக. "ரெட்டைச் சுழி."

வலப்பக்கம் படி படியாக இறங்கியது. காதைச் சுற்றிப் பயந்த அரை வட்டம். பாத்ரூம் கதவு சாத்திக்கொண்டது.

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். "கையில வெண்ணெயை வச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம். நான் பேங்க் மேனேஜர் முடியை வேற பிடுங்கிட்டு வந்தேன்."

"நரம்பைத் தானே காட்டறவரு, கையை மடக்காதவரு வைத்தியம் தெரிஞ்சவராத்தான் இருக்கணும்னு லேப்லயே தோணுச்சு" என்றார் அத்தை. "வாசல்ல கேனைப் பார்த்ததும் பாதி முடிஞ்சுது. தலைதான் பாக்கி இருந்துச்சு."

டாக்டர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். அத்தை மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து சுற்றிப்போய் அவருக்குப் பின்னால் நின்றார். முப்பத்திரண்டு வருடம் நின்ற இடம் அதுதான்.

"தம்பி, பத்து நாளைக்கு முன்னாடி, காலையில எட்டே முக்காலுக்கு எங்க இருந்தீங்க?"

பேனா நின்றது. "கேள்வி கேக்கறது நான்."

"அப்ப நான் சொல்றேன், நீங்க கேளுங்க. மாஸ்க் போட்டுக்கிட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, பதினைஞ்சாம் நம்பர் டோக்கனோட நின்னீங்க. பஞ்சர் கடை நம்பரைக் கொடுத்தீங்க. ஒருத்தர் உங்களுக்கு வழி விட்டாரு. அவரு ட்யூப்ல உங்க ரத்தம் போயிடுச்சு. உங்க ட்யூப்ல அவரு ரத்தம் போயிடுச்சு. வழி விட்ட மனுஷன் இதோ, பத்து நாளா உங்க எதிர்ல உக்காந்திருக்காரு."

டாக்டர் முதல்முறையாகத் திரையை விட்டுத் தலையைத் தூக்கி, எதிரே இருந்த முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"டாக்டரே வரிசையில நின்னா ஜனங்க என்ன நினைப்பாங்கன்னு..." என்று ஆரம்பித்தார்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி விறுவிறுவென்று உள்ளே வந்தார். இழுப்பறையிலிருந்து மெஷினை எடுத்தார். முதலில் சலூன்காரர் விரலில் குத்தினார். சர்க்கரை கொடுத்த பிறகும் ஐம்பத்தெட்டுதான் காட்டியது. புது ஊசியை மாட்டிக் கணவரின் விரலில் குத்தினார், கொஞ்சம் அழுத்தியே குத்தினார். நானூற்று முப்பத்தொன்பது.

"மெஷின்ல ஏதாவது கோளாறு..."

"ரெண்டு பேருக்கும் ஒரே மெஷின்தாங்க." அந்த அம்மாள் பிஸ்கட் தட்டைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லி பிஸ்கட்டா வாங்கிக் குவிச்சீங்களே. ரெட்டைச் சுழிக்காரன் யார் பேச்சையும் கேக்க மாட்டான்னு எங்கம்மா அப்பவே சொன்னாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிஸ்கட் தட்டை எடுத்து மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு, சலூன்காரர் முன்னால் நகர்த்தி வைத்தார். "நீங்க சாப்பிடுங்கண்ணே."

சலூன்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையாட்டினார். அப்புறம்தான் எடுத்துக் கடித்தார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதை முதல் நாளே நீங்க என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

சலூன்காரருக்குக் கோபமில்லை. மென்றுகொண்டே சொன்னார். "ஏழு தடவை ஆரம்பிச்சேன் சார். 'அன்னிக்கு லேப்ல ஒருத்தர்'ங்கிற வரைக்கும் ஏழு தடவையும் சொல்லிட்டேன். இன்னிக்கு எட்டாவது. 'எனக்கு முன்னாடி போனாரு'ன்னு இன்னும் மூணு வார்த்தை விட்டிருந்தீங்கன்னா, அது நீங்கதான்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். "அந்த மாத்திரையை இனிமே தொடாதீங்க. இன்னிக்கு முழுக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் சர்க்கரை பார்க்கணும், ராத்திரி தனியாப் படுக்கக் கூடாது, பொண்ணு பக்கத்துலயே இருக்கட்டும். என்னை மன்னிச்சிருங்க." "இப்ப சொல்லுங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன்" என்றார் மனைவி.

"வர்ற வரைக்கும் அவர் பேசட்டும்."

சலூன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, குழாயில் தண்ணீர் வராததில் ஆரம்பித்தார். மோட்டார் வந்தது. செருப்பு வார் வந்தது. டாக்டர் குறுக்கே பேசவில்லை. ஒரு இடத்தில் "அப்புறம்?" என்று மட்டும் கேட்டார். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தபோது கதை டோக்கன் வரைக்கும் வந்திருந்தது.

"மீதியை ஆஸ்பத்திரியில வந்து சொல்றேன் சார்" என்றார் சலூன்காரர். "போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? இந்தத் தலையை இப்படி வெட்டினது யாரு?"

டாக்டர் கதவோரம் பார்த்தார். மனைவி இடுப்பில் இடது கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அதை மட்டும் கேக்காதீங்க" என்றார் டாக்டர், மெதுவாக.

மறுநாள் காலை அத்தை லேப் வழியாக நடந்து வந்தார். தாங்கியில் குழாய்கள் மொட்டையாக நின்றன, ஒன்றிலும் சீட்டு இல்லை. "உங்க பேர் என்னன்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டு, ரத்தம் எடுத்தபிறகு, அந்த ஆள் கண்ணெதிரே சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தார் லேப் பெண். வரிசை தெரு வரைக்கும் நீண்டிருந்தது. நாலு பேர் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சலூனில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. வாசலில் மட்டும் ஏழெட்டுப் பேர், உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றார்கள். காதில் பிளாஸ்திரி போட்டவரும் அதில் ஒருவர். சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்திருந்த மகள், காலையில் சர்க்கரை நூற்று நாலு என்று எழுதிய சீட்டைக் கண்ணாடியிலேயே ஒட்டி வைத்திருந்தாள்.

"மாப்பிள்ளை" என்றார் அத்தை.

ஒரு நாள் முழுக்கப் பாதி தாடியோடு ஊரைச் சுற்றி, பொண்டாட்டியிடம் இரண்டு வேளை பாட்டு வாங்கியிருந்த மாப்பிள்ளை, நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சலூன்காரர் துண்டைப் போர்த்தி, நுரை தடவி, கத்தியை எடுத்தார். எடுத்த கையை ஒரு கணம் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்துக்கொண்டார். அது அசையவில்லை.

வாசலில் நின்றவர்கள் ஓரடி உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொல்ல ஏதோ ஒரு நக்கல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கண்ணாடியில் சலூன்காரரின் முகத்தைப் பார்த்தார். வந்ததை விழுங்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை நன்றாக நீட்டிக் கொடுத்தார்.